வெள்ளக்கோவில் டீச்சரும் அவர் தம்பியும் ஆன்லைனில் ஸ்பீச் தெரபி எடுக்கலாமா?

வெள்ளக்கோவில் பக்கமிருந்து நடுநிலைப் பள்ளி டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு மாதமாக அவருக்குக் குரல் கம்மிக் கிடக்கிறது. காலையில் பரவாயில்லை, மூன்றாவது பீரியட் தாண்டினால் வெறும் காற்றுத்தான் வருகிறது. வீட்டில் இன்னொரு கவலையும் இருக்கிறது. தம்பிக்கு 19 வயதாகியும் குரல் உடையவில்லை. போனில் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்க மேடம்" என்கிறார்களாம். அவன் காலேஜில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். வாராவாரம் கோவைக்குப் போய்வர டீச்சருக்கு லீவு கிடைக்காது. ஆன்லைனில் ஸ்பீச் தெரபி எடுத்தால் இருவருக்கும் பலன் உண்டா, அல்லது காசு பிடுங்கும் வேலையா என்பது கேள்வி.

நான் ஈரோட்டில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறேன். நேரிலும் பார்க்கிறேன், வீடியோ காலிலும் பார்க்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் பலன் உண்டு, அதுவும் உங்கள் தம்பிக்கு நிறையவே உண்டு. ஆனால் இருவருமே ஒரு முறை நேரில் போய் இ.என்.டி டாக்டரிடம் தொண்டையைக் காட்டாமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. அந்த ஒரு பயணத்துக்கு லீவு போட்டே ஆகவேண்டும். அதற்குப் பிறகு பெரும்பாலான வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம்.

ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், கரகரப்பு என்பது நோயின் பெயர் இல்லை, அடையாளம் மட்டும்தான். குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் பெண்கள் சாதாரணமாகப் பேசும்போது நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஆண்களுக்கு அது 100 முதல் 130 வரை. மோதும் விளிம்பில் சின்னதாக வீக்கம் வந்தாலும் கரகரப்பு வரும். நீர்க்கட்டி வந்தாலும், ஒரு பக்க நரம்பு செயலிழந்தாலும், நெஞ்செரிச்சல் அமிலம் மேலேறி வந்து புண்ணாக்கினாலும், புற்றுநோயின் தொடக்கமாக இருந்தாலும் வெளியே கேட்பது அதே கரகரப்புத்தான். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் காதால் கேட்டு மட்டும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே பார்க்க வேண்டும். மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை. கொஞ்சம் குமட்டும், வலிக்காது.

கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்பது இ.என்.டி மருத்துவத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு. உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், எச்சிலில் ரத்தம் பார்த்தவர்கள், விழுங்கும்போது வலிப்பவர்கள், கழுத்தில் கட்டி தட்டுப்படுபவர்கள், தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போனவர்கள் ஆகியோர் நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மூச்சு விடும்போதே சத்தம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். பெருந்துறை, திருப்பூர், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இ.என்.டி பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போவதென்றால் "குரல் நாணைக் கேமராவில் பார்ப்பீங்களா?" என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தால் டான்சில் வரைதான் தெரியும். குரல் நாண் அதற்கும் கீழே இருக்கிறது.

இந்த ரிப்போர்ட்டைக் கேட்காமலேயே "முதல் கிளாஸ் நாளைக்கு வெச்சுக்கலாம்" என்று சொல்லும் தெரபிஸ்ட் யாராக இருந்தாலும், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அவரிடம் குரலை ஒப்படைக்காதீர்கள். ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்க்க எனக்குத் தெரிந்த முதல் சோதனை இதுதான். இரண்டாவது சோதனை பதிவு எண். இந்தியாவில் ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கவுன்சில் 1992-ம் வருடச் சட்டத்தின்படி நடப்பது. பதிவு எண்ணைக் கேட்டால் முறையாகப் படித்தவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். மேடைப்பேச்சு, இன்டர்வியூ, ஆங்கிலம் சொல்லித்தருகிற பயிற்சியாளர்கள் வேறு. அவர்கள் வேலைக்கும் மதிப்பு உண்டு, திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும்போது அந்தப் பயிற்சி உதவத்தான் செய்கிறது. ஆனால் வீங்கிய குரல் நாணோடு அவர்களிடம் போனால், "இன்னும் சத்தமா, இன்னும் எனர்ஜியா" என்று சொல்லி வீக்கத்தைக் கூட்டிவிடுவார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் நன்றாக இருந்து மதியத்துக்குள் குரல் போவது, சனி ஞாயிறு தேறுவது, திங்களன்று மறுபடி போவது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் அளவுக்கு மீறிக் குரலை உழைக்கவைத்த கதையாகவே தெரிகிறது. கேமராவில் பார்த்தால் டாக்டர்கள் நாட்யூல் என்று சொல்லும் முடிச்சு இருக்க வாய்ப்புண்டு. தினமும் மண்வெட்டி பிடிக்கிறவர் கையில் காய்ப்பு ஏறுமே, அதுபோல இரண்டு நாண்களும் அதிகம் மோதும் இடத்தில் எதிரெதிரே தடிப்பு ஏறுவதுதான் நாட்யூல். டீச்சர்களுக்கும் பாடகர்களுக்கும் ஓயாமல் கத்தி விளையாடும் பிள்ளைகளுக்கும் இது சகஜம். பெரும்பாலும் கத்தி வைக்கத் தேவையில்லை. குரலைப் பயன்படுத்தும் விதத்தை மாற்றினாலே கரைகிறது. பாலிப் (நாணில் வளரும் மெல்லிய சதை), நீர்க்கட்டி என்று ரிப்போர்ட் வந்தால் மட்டும் கணக்கு மாறும். ஆபரேஷன் தேவைப்படலாம், அப்போதும் முன்னும் பின்னும் பயிற்சி வேண்டும்.

உங்கள் ஊரை நினைத்தால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டியோ எதிர் வீதியிலோ விசைத்தறி ஓடுகிறதா? கொங்குப் பக்கம் பல ஊர்களில் இதைப் பார்த்திருக்கிறேன். சோமனூர், பல்லடம், வெள்ளக்கோவில் என்று தறிச்சத்தத்திலேயே வளர்ந்தவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. ஆனால் குரல் அதைக் கவனிக்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் நமக்குத் தெரியாமலேயே குரலை உயர்த்துகிறோம். லொம்பார் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911-ல் இதை எழுதியதால் லொம்பார் விளைவு என்றே இதற்குப் பெயர். "நான் சத்தம் போட்டே பேசறதில்லீங்க" என்று சத்தியம் செய்யும் டீச்சர்கள் வகுப்பறையில் வைத்து எடுத்த ரெக்கார்டிங்கைக் கேட்டால் திகைத்துப் போவார்கள். மேலே ஓடும் இரண்டு பழைய ஃபேன், நாற்பது பிள்ளைகள், ஜன்னலுக்கு வெளியே தறி. இத்தனையையும் தாண்டி ஒரு தொண்டை எத்தனை மணி நேரம் தாங்கும்?

தறிப்பட்டறைக்குள்ளேயே வேலை செய்கிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். அங்கே சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். குரலோடு காதும் போகிறது. காது மந்தமானவர் தன் சத்தம் தனக்கே கேட்காததால் இன்னும் கத்துகிறார், குரல் இன்னும் கெடுகிறது. அவர்கள் வந்தால் குரலைத் தொடும் முன் காதுப் பரிசோதனைக்குத்தான் அனுப்புகிறேன்.

இந்த இடத்தில்தான் ஆன்லைன் சிகிச்சை நேரில் பார்ப்பதைவிட ஒரு படி மேலே போகிறது. என் அறைக்கு வரும் டீச்சர் அமைதியான இடத்தில் உட்கார்ந்து, பதமாகப் பேசிக் காட்டுவார். அவர் குரல் கெடுவது அங்கே அல்ல. மதிய இடைவேளையில் காலி வகுப்பறையிலிருந்து வீடியோ காலில் வந்தால், அவர் நிற்கும் இடம், போர்டைப் பார்த்தபடியே பேசும் பழக்கம், கடைசி பெஞ்சுக்கு எட்ட கழுத்தை முன்னால் நீட்டுவது எல்லாம் எனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே மாற்றலாம். போர்டில் எழுதும்போது பேசாமல் திரும்பி நின்று பேசுங்கள், பிள்ளைகளை அமைதிப்படுத்தக் கத்தாமல் டஸ்டரால் மேஜையைத் தட்டுங்கள், வருகைப் பதிவை ஒரு பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். இடுப்பில் மாட்டும் சின்ன ஸ்பீக்கர் மைக் ஒன்று வாங்கிவிடுங்கள். கூச்சமாக இருக்கும், முதல் இரண்டு நாள் பிள்ளைகள் சிரிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். டீச்சர்களின் குரலுக்கு நான் சொல்லும் யோசனைகளில் உடனே பலன் தருவது அதுதான்.

பயிற்சி என்றால் என்ன செய்வோம் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு டம்ளரில் பாதி தண்ணீர், இளநீர்க் கடையில் தரும் சாதாரண ஸ்ட்ரா ஒன்று. ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை அளவு இருந்தால் போதும், அடியில் முட்ட வேண்டாம். உதட்டால் காற்று ஒழுகாமல் கவ்விக்கொண்டு, "ஊ" என்று மெல்லிய சத்தத்தோடு ஊதுங்கள். வெறும் காற்றை ஊதுவதல்ல, குரலும் சேர்ந்து வர வேண்டும். கன்னம் தளர்வாக இருந்து லேசாக அதிர வேண்டும். குமிழி ஒரே சீராக வர வேண்டும், விட்டு விட்டு வந்தால் தொண்டையை இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம். தோள் மேலே ஏறக் கூடாது. அது பிடிபட்டதும், அதே ஊதலில் தாழ்ந்த சுதியிலிருந்து மெதுவாக மேலே ஏறி இறங்குங்கள். அப்புறம் தெரிந்த பாட்டின் மெட்டு ஒன்றை ஸ்ட்ராவுக்குள்ளேயே முனகுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. முதல் பீரியடுக்கு முன் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, பள்ளி விட்டதும் ஒன்று கட்டாயம்.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. வாய்ப்பக்கம் வழி குறுகலாக இருப்பதால் காற்றின் அழுத்தம் பின்னோக்கித் திரும்பி, இரண்டு நாண்களும் ஓங்கி மோதாமல் கொஞ்சம் விலகி அதிர உதவுகிறது. குரல் வருகிறது, அடி குறைகிறது. பின்லாந்தில் தொடங்கிய முறை இது, இப்போது உலகமெங்கும் பாடகர்களும் நடிகர்களும் செய்கிறார்கள். ஸ்ட்ராவில் வந்த அந்த லேசான உணர்வை அப்படியே பேச்சுக்குக் கொண்டுவருவதுதான் அடுத்த கட்டம். "ம்ம்ம்" என்று உதடும் மூக்கும் கூச அதிரவைத்து, அதிலிருந்து "மாமா", "மல்லி", "மணி என்ன" என்று சொல்லுக்குப் போய், சொல்லிலிருந்து வாக்கியத்துக்குப் போய், கடைசியில் நீங்கள் நாளை நடத்தப்போகும் பாடத்தையே அந்தக் குரலில் வாசிக்கவைப்போம். இந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஆள் வேண்டும். ஸ்ட்ரா ஊதுவதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். பேச்சில் இறுக்கம் திரும்பி வரும் அந்த நொடியைப் பிடித்துச் சொல்ல ஒரு காது தேவைப்படுகிறது. ஊதும்போது வலித்தாலோ, ஊதிய பிறகு கரகரப்பு கூடினாலோ நிறுத்திவிட்டு தெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

கைமருந்து பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும், சாப்பிடுங்கள். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாய் வழியாகப் போகிறது, நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். நாணை நேரடியாகத் தொடுவது மூச்சோடு போகும் ஆவி மட்டும்தான். தண்ணீர் அடிக்கடி குடிப்பது உடம்பு முழுவதையும் ஈரமாக வைப்பதால் நாணுக்கும் உதவுகிறது. தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்யும் பழக்கத்தை விடுங்கள், கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். குரல் போன நாளில் பலர் குசுகுசுவென்று பேசி ஓய்வு கொடுப்பதாக நினைக்கிறார்கள். அழுத்திப் பேசும் குசுகுசுப்பு ஓய்வே இல்லை. பேசாமல் இருங்கள், அல்லது மெதுவாக, சாதாரணக் குரலில் பேசுங்கள்.

இனி தம்பி. நீங்கள் அவனைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவனைப் பற்றித்தான் அதிகம் சொல்லத் தோன்றுகிறது.

வயதுக்கு வரும்போது பையன்களுக்குக் குரல்வளை பெரிதாகிக் கீழே இறங்கும், நாண்கள் நீண்டு தடிக்கும், குரல் கட்டையாகும். சிலருக்கு இந்த வளர்ச்சியெல்லாம் ஒழுங்காக நடந்திருந்தும், பேசும் பழக்கம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். குரல்வளையை மேலே தூக்கி, நாணை இழுத்துப் பிடித்து, சிறுவனின் சுதியிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். பியூபர்ஃபோனியா என்பார்கள். மீசை தாடி வந்திருக்கும், உடம்பில் குறை ஒன்றும் இருக்காது. இ.என்.டி டாக்டர் நாணையும், தேவைப்பட்டால் ஹார்மோனையும் பார்த்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொன்ன பிறகு, குரல் சிகிச்சையில் இவ்வளவு வேகமாகவும் நிறைவாகவும் பலன் தருவது வேறு ஒன்றுமில்லை. பலருக்குப் பயிற்சியின் முதல் சில அமர்வுகளிலேயே கட்டைக் குரல் வெளிப்பட்டுவிடுகிறது. கழுத்தின் வெளிப்பக்கமிருந்து செய்யும் ஒரு ஆபரேஷனும் உண்டு. பயிற்சிக்கு மசியாதவர்களுக்கு மட்டும் அது கடைசி வழி.

அந்தக் குரலை எப்படி வரவழைப்பது என்றால், அது அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. இருமச் சொன்னால் இருமலில் வருவது ஆண் குரல். கொட்டாவியின் முடிவில் வருவதும் அதுதான். இருமலின் வாலைப் பிடித்து "ஆ" என்று நீட்டச் சொல்வேன். வரும். பையன் தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு நிறுத்திவிடுவான். மறுபடி இருமல், மறுபடி "ஆ", அப்புறம் "ஆ... ஆடு", "ஆ... ஆத்தா", ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, பிறகு கிழமைகள். சிலருக்குக் குரல்வளையை விரலால் மெல்லக் கீழே அழுத்திப் பிடித்தால்தான் வருகிறது. அதைத் திரை வழியாக நான் செய்ய முடியாது, அவர்களாகவும் செய்து பார்க்கக் கூடாது. அதனால் தம்பியின் முதல் ஒன்றிரண்டு அமர்வுகளை, இ.என்.டி டாக்டரைப் பார்க்கப் போகும் நாளிலேயே நேரில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மீதியை ஆன்லைனில் நடத்தலாம்.

குரலை வரவழைப்பது கால்வாசி வேலை. மிச்ச முக்கால்வாசி, அந்தக் குரலோடு வீட்டுக்குள் நுழைவது. பத்தொன்பது வருடம் கேட்ட குரல் மாறினால் வீடே திரும்பிப் பார்க்கும். அப்பாரு சிரிப்பார், பக்கத்து வீட்டு அக்கா "என்னுங்க தம்பி, சளி புடிச்சுக்கிச்சா" என்பார். பையன் அன்றைக்கே பழைய குரலுக்குத் திரும்பிவிடுவான். எத்தனையோ பையன்களிடம் இதைப் பார்த்துவிட்டுத்தான், புதுக்குரலை முதலில் தெரியாதவர்களிடம் பேசவைக்கிறேன். பார்சல் ஆபீசுக்குப் போன் போட்டு லாரி எப்போது வரும் என்று கேட்பது, காங்கயம் பஸ்ஸில் டிக்கெட் கேட்பது, பெட்ரோல் பங்கில் பேசுவது. எதிரில் இருப்பவர் "சொல்லுங்க சார்" என்று சொல்லும் அந்த முதல் தடவை நான் தரும் எந்தப் பயிற்சியையும்விட அதிகம் வேலை செய்கிறது. போன் பேச்சுக்கு ஆன்லைன் அமர்வு கச்சிதமாகப் பொருந்தும். நான் வீடியோவில் கேட்டுக்கொண்டிருக்க, அவன் இன்னொரு போனில் பேசுவான், முடித்ததும் இருவரும் பேசிக்கொள்வோம். அதன் பிறகு நண்பன் ஒருவன், பிறகு நீங்கள், கடைசியில் வீடு. வீட்டாரிடம் நான் கேட்பது ஒன்றுதான். குரல் மாறி வந்த நாளில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

இத்தனை நாள் அவனைக் கேலி செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. சில அமர்வுகளில் தீரக்கூடிய ஒன்றுக்காக, வகுப்பில் கையே தூக்காமல், போனை எடுக்காமல், கல்யாண வீட்டுக்குப் போகாமல் வருடக்கணக்கில் ஒதுங்கும் பையன்கள் இந்தப் பக்கம் நிறைய. இதற்குச் சிகிச்சை இருக்கிறது என்பதே வீட்டில் தெரிவதில்லை.

ஆன்லைன் அமர்வுக்கான ஏற்பாட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, குரல் சிகிச்சைக்கு இது முக்கியம். வீடியோ கால் செயலிகள் பேச்சல்லாத சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். நீங்கள் "ஆ" என்று பத்து விநாடி நீட்டினால், ஃபேன் சத்தம் என்று நினைத்து மூன்றாவது விநாடியிலேயே அமுக்கிவிடும். இந்தப்பக்கம் கேட்பவருக்கு உங்கள் குரல் பாதியில் அறுந்ததாகவே தோன்றும். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். நீட்டி ஒலிக்கும் பயிற்சிகளை உங்கள் போனிலேயே பதிவு செய்து அனுப்பவைப்பது இன்னும் நல்லது. இணையத்தில் ஒலி வந்துசேர ஒரு தாமதம் இருப்பதால் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிப்பது, சேர்ந்து பாடுவது எதுவும் நடக்காது. நான் சொல்லி நிறுத்த, நீங்கள் சொல்ல வேண்டும். வயர் உள்ள இயர்போன், போனை ஒரே இடத்தில் நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்ட், முகமும் கழுத்தும் தோளும் தெரியும்படி வெளிச்சம், இவ்வளவு போதும். தறி ஓடாத நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் ஊரே அமைதியாக இருக்கும், சார்ஜ் மட்டும் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பேச்சுப் பிரச்சினைக்கும் திரை பொருந்தாது. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்க முடியாமல் புரையேறுகிறவர்களை முதலில் நேரில்தான் பார்க்க வேண்டும். பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காதுப் பரிசோதனை. வசம்பைத் தேனில் இழைத்து நாக்கில் தடவிப் பார்த்துக்கொண்டே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டு வருகிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் தருவதே ஆபத்து. காது கேட்காததுதான் காரணம் என்று தெரியவரும்போது, மூளை மொழியை வேகமாகப் பிடிக்கும் காலம் கைநழுவியிருக்கும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வெளியே தமிழ் பேசுவதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகிறது என்று நம் பக்கம் பல வீடுகளில் நம்புகிறார்கள். இரண்டு மொழி அதற்குக் காரணம் அல்ல. வீட்டு மொழியை நிறுத்த வேண்டாம்.

திக்குவாய்க்கு ஆன்லைன் நன்றாகவே பொருந்துகிறது. பள்ளிக்குப் போகும் முன் வயதுக் குழந்தைகளுக்கு ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில் சிகிச்சை தருவது பெற்றோர்தான், தெரபிஸ்ட் அவர்களுக்குச் சொல்லித்தருகிறார். அதனால் வீடியோவில் நடத்தியும் சோதித்துப் பார்த்துப் பலன் கண்டிருக்கிறார்கள். திக்கும் குழந்தையிடம் "மெதுவாச் சொல்லு சாமி, மூச்சு இழுத்துச் சொல்லு" என்று சொல்வது மட்டும் உதவாது. அது முடிக்கும் வரை பொறுமையாகக் கேளுங்கள்.

பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வந்த பெரியவர்களுக்குக் குரல் தேய்ந்து போகும். "வயசாயிருச்சு, அதான் முனகறாரு" என்று விட்டுவிடுகிறார்கள். எல்.எஸ்.வி.டி என்று ஒரு முறை இருக்கிறது. வாரம் நான்கு நாள், நான்கு வாரம், மொத்தம் 16 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். சொல்லும் கட்டளை ஒன்றே ஒன்று, சத்தமாகப் பேசுங்கள். வாரத்தில் நான்கு நாள் அந்தியூரிலிருந்து ஒரு பெரியவரைக் கோவைக்கு அழைத்துவருவது எந்தக் குடும்பத்துக்கும் ஆகாத காரியம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீடியோவில் எடுத்துக்கொண்டவர்களுக்கும் நேரில் எடுத்தவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றவரா என்று கேட்டுச் சேருங்கள்.

தாளவாடி பக்கம் இருப்பவர்களுக்குக் கோவையைவிட மைசூர் தோதாக இருக்கலாம். மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் அங்கே 1960-களிலிருந்து நடக்கிறது, தொலைவில் இருப்பவர்களுக்கு இணைய வழியிலும் சிகிச்சை தருகிறார்கள். சத்தியமங்கலம் பக்கமிருந்து அங்கே போகிறவர்கள், திம்பம் மலைப்பாதையில் இரவில் வண்டி விடுவதில்லை என்பதால் பயணத்தைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கடைசியாக. சேரும் முன் எத்தனை அமர்வு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு, விட்டுப்போன அமர்வுக்கு என்ன கணக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாக முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள். முதல் நாளில் உங்கள் குரலைப் பதிவு செய்து வையுங்கள். ஒரே பத்தியை வாசிப்பது, "ஆ" என்று ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் நீட்ட முடிகிறது என்று பார்ப்பது. பெரியவர்களுக்கு இது பொதுவாக 15 விநாடிக்கு மேல் வரும், 10-க்குக் கீழே இருந்தால் காற்று வீணாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே பத்தி, அதே "ஆ". பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் ஆறு முதல் எட்டு வாரத்தில் மாற்றமே இல்லை என்றால், இன்னும் பத்து அமர்வு சேர்த்து எடுக்க வேண்டாம். மறுபடி இ.என்.டி டாக்டரிடம் போய்க் கேமராவில் பாருங்கள், இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துத் தெரபிஸ்டிடம் பேசுங்கள். பள்ளிப் பரீட்சை லீவு தொடங்கும் வாரத்தில் பயிற்சியை ஆரம்பித்தால் உங்களுக்கு வசதி, பேச்சு குறைந்த அந்த நாட்களில் நாண் தேறவும் நேரம் கிடைக்கும். தம்பியை அதுவரை காத்திருக்கவைக்க வேண்டாம், இந்த வாரமே அழைத்துப் போங்கள்.